தடைக்காலம் முடியட்டும்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. காசிமேட்டில் நான் மீன் வாங்கும் அடைக்கலமேரியுடையது. சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே சொன்னாள். எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்கோ, இன்னா இப்போ," என்றாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கடல் அன்று அமைதியாக...' சே, வேண்டாம். அன்று அவள் கடலையே பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் எக்கோ ஸ்கேன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2

திரையில் அவள் புருஷன் பிராங்கிளினின் இதயம். விசைப்படகுகளுக்கு வெல்டிங் வைக்கிறவர். மாடியேறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்திருந்தார். டாக்டர் விரலால் காட்டினார். இடப்பக்கத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் கிளை பழுது. அதனால் நடுச்சுவர் முந்திச் சுருங்கிவிடுகிறது, வெளிச்சுவர் தாமதமாகத்தான் அசைகிறது. அது அழுத்தும் நேரத்தில் நடுச்சுவர் விலகிக்கொடுத்துவிடுவதால் ரத்தம் முழுசாக வெளியேறுவதில்லை.

"பலகைய ரெண்டு பேரு தூக்கறப்போ ஒர்த்தன் முந்திக்கினா மாரி," என்றார் பிராங்கிளின்.

(இந்த உவமையை நான் நுழைத்தேன் என்று நினைப்பீர்கள். சத்தியமாக இல்லை.)

இரண்டு சுவரையும் சேர்ந்து துடிக்கவைக்கும் கருவி ஒன்று இருக்கிறது, நெஞ்சில் உடனே வைத்துவிடுவது நல்லது என்றார் டாக்டர். ஆனால் அதன்பிறகு வெல்டிங் பக்கமே போகக் கூடாது, அந்த மின்சாரம் கருவியைக் குழப்பிவிடும்.

3

இரண்டு மாத மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்தது. படகெல்லாம் பழுது பார்க்க நிற்கும். வருஷத்தில் பிராங்கிளினை ஆளாளுக்குத் தேடிவரும் நாட்கள் அவைதான். புருஷன் முகம் செத்துப்போனதை அடைக்கலமேரியால் தாங்க முடியவில்லை. அவள்தான் சொன்னாள்:

"தடைக்காலம் முடியட்டும் சார். நானே இட்டுனு வரேன்."

படகு வேலை பார்க்கும் வீடுகளில் எல்லாவற்றுக்கும் இதுதான் கெடு. கல்யாணப் பேச்சிலிருந்து பல் பிடுங்குவது வரை தடைக்காலம் முடிந்துதான்.

"தள்ளிப்போடாதீங்கம்மா," என்றார் டாக்டர். அவள் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள்.

4

முடிவு ஒன்று: கருவி வைத்தாயிற்று. பிராங்கிளின் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, குழம்பில் உப்பில்லை என்று சண்டை பிடிக்கிறார். எழுதும்போது எனக்கே சந்தோஷமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: படகுகள் கடலுக்குப் போவதற்கு முந்தின வாரம். முகத்தை மறைக்கும் வெல்டிங் மாஸ்க்கோடு படகில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். களைப்பாறுகிறார் என்றே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். கூட வேலை செய்த உசேன்தான் போய்த் தோளைத் தொட்டு...

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. நடந்தது இதுதான்.

5

அவளுக்குப் படித்துக் காட்டினேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். முடிந்ததும் கத்தியை மறுபடி எடுத்தாள்.

"தடைக்காலம் முடியட்டும்னு நான் சொன்னேன்ல நைனா, அத்த மட்டும் அவரு சொன்னதா மாத்திடுறியா? எம் பசங்க படிக்குங்க. அதுங்களுக்கு இத்த இன்னும் சொல்லல."

மாற்ற உட்கார்ந்தேன். செத்த மனுஷன் வாயில் அவர் சொல்லாததை வைக்கக் கை வரவில்லை. அவள் வாயிலேயே விட்டுவைக்கவும் மனசு கேட்கவில்லை. மூன்றாம் பகுதியில் 'அவள்தான் சொன்னாள்' என்று இருக்கிறது பாருங்கள், அதை அடித்துவிட்டு, உங்களுக்குச் சரியென்று படுகிறவர் பெயரை எழுதுங்கள். இந்தக் கடைசிப் பகுதியைக் கழற்றிவிட்டு, அந்தப் பிரதியைத்தான் அவள் பிள்ளைகளிடம் கொடுக்கப்போகிறேன்.