ஒட்டிவைத்த பேட்டரி

கலைவாணன் வீட்டிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் பெட்டியோடு ஆற்றோரத்துப் படகுப் பட்டறைக்குத் திரும்பி வந்தபோது அவனுடைய லேப்டாப் நீல டிரம்முக்குள் கிடந்தது. டிரம் நிறையத் தண்ணீர். அடியில் அது சாய்ந்து நின்றது. ஓரத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் காத்தமுத்து நின்றான். ஆற்றில் குதித்த ஈரம் இன்னும் கைலியில் சொட்டியது. முகத்தில், ஒரு வேலையைச் சரியாக முடித்தவனின் நிம்மதி.

"நல்ல தண்ணில போட்டுட்டேன் மாப்ள. இனிமே உப்பு புடிக்காது."

கலைவாணன் பெட்டியைக் கீழே வைத்தான். நிமிர்ந்த வேகத்தில் அடித்தான். மூக்கில் விழுந்தது. உள்ளே ஏதோ முறிந்தது கைக்குத் தெரிந்தது. காத்தமுத்து பின்னால் சாய்ந்து, பட்டறையில் கழற்றிப் போட்டிருந்த படகுக் காற்றாடி இலையின்மேல் விழுந்தான். கலைவாணன் அவன் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்தான். இரண்டாவது அடி வாயில். மூன்றாவது எங்கே விழுந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. கைக்கு எட்டிய இடத்தில் பெரிய ஸ்பேனர் ஒன்று கிடந்தது. எடுத்தான். ஓங்கினான்.

காத்தமுத்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பிடித்தானே தவிர, திருப்பி அடிக்கவில்லை. முப்பது வருஷமாக எஞ்சின் தூக்கிய கை. நினைத்திருந்தால் கலைவாணனை அப்படியே ஆற்றில் எறிந்திருக்கலாம்.

"எஞ்சின் உப்புத் தண்ணில விழுந்தா வேற என்னடா செய்வோம்" என்றான். வாயில் ரத்தம் நுரைத்தது. "காய விட்டா உப்பு அரிச்சிரும். தொறக்கற வரைக்கும் நல்ல தண்ணிலதான் போட்டு வப்போம். எத்தன எஞ்சின காப்பாத்திருக்கேன்."

"எஞ்சினுக்குள்ள கரண்டு இருக்கா மச்சான்? இதுக்குள்ள பேட்டரி ஓடுது."

"கிளிப்பத் தேடுனேன் மாப்ள. ஒம் பழைய பொட்டில அடியில ரெண்டு கிளிப்பு இருக்கும்ல. தள்ளுனா பேட்டரி கையோட வந்துரும். இதுல ஒன்னுமே இல்ல. வழவழன்னு மீன் வவுறு மாதிரி இருக்கு. எங்கதான் கழட்டுறது?"

கலைவாணன் ஸ்பேனரைக் கீழே போட்டான்.

காத்தமுத்து சொன்னது உண்மை. பழைய லேப்டாப் செங்கல் கனம். ஆனால் பேட்டரியைத் தனியே கழற்றலாம். ஒரு திருகைத் திருப்பினால் ஹார்ட் டிஸ்க் வெளியே வரும். நாலு பக்கமும் ஓட்டைகள் இருந்தன, எதை வேண்டுமானாலும் நேரே செருகலாம். போன வருஷம் அதை மாற்றுச் சலுகையில் கொடுத்துவிட்டு இந்தப் புதியதை வாங்கினான். பிசினஸ் மாடல். பிஸ்கட் கனம். பக்கவாட்டில் இரண்டே இரண்டு சின்ன ஓட்டைகள். எழில்மதி அன்றைக்கே முணுமுணுத்தாள். "கனமா இருந்தா என்ன? அதத் தூக்கிட்டு நீங்க எங்க ஓடப் போறீங்க?"

எழில்மதி அவன் மனைவி, காத்தமுத்துவின் தங்கை. கருக்களாச்சேரிப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த லேப்டாப்பில்தான் கணக்குப் பாடம் பதிவுசெய்தாள். நாற்பத்தொரு பாடம். எல்லாம் முடித்து மொத்தமாகக் கொடுக்கிறேன் என்று வைத்திருந்தாள். கொடுப்பதற்குள் நாகப்பட்டினம் சாலையில் ஐஸ் ஏற்றிய மினி லாரி அவள் ஸ்கூட்டியின்மேல் ஏறியது. அவள் போனும் சக்கரத்தின் அடியில் போயிற்று. எட்டு மாதமாகிறது. அவள் குரல் மிச்சமிருந்தது டிரம்முக்குள் குமிழி விட்டுக்கொண்டிருந்த அந்த ஒரே பொருளில்தான்.

காலையில் நடந்தது இவ்வளவுதான். மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடல்நீர் ஏறும் அரசலாற்றில் ஒன்றோடொன்று உரசிக் கட்டிக் கிடந்தன. காத்தமுத்துவின் படகில் பழைய ஜிபிஎஸ் பெட்டி சாகக் கிடந்தது. கடலுக்கு அடியில் மீன் அடையும் பாறைத் திட்டுகள், அவர்கள் சொல்லும் பார்கள், எங்கெங்கே என்று அப்பா காலத்திலிருந்து குறித்துவைத்த முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்கள் அதில் இருந்தன. அதை எடுத்துத்தா மாப்ள என்று கூப்பிட்டிருந்தான். ஜிபிஎஸ் ஒயர் புதிய லேப்டாப்பின் ஓட்டைக்குள் போகாது. நடுவில் டாங்கிள் என்ற வால் ஒன்றை மாட்டவேண்டியிருந்தது. அது பக்கவாட்டில் தொங்கியது. கலைவாணன் எல்லாப் புள்ளிகளையும் இறக்கினான். போனுக்கும் ஒரு நகல் அனுப்பினான். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் படகின் கயிறு இழுபட்டது. டாங்கிள் கயிற்றில் மாட்டியது. லேப்டாப் பலகையிலிருந்து வழுக்கிப் போய்விட்டது.

காத்தமுத்து அடுத்த மூச்சில் குதித்து எடுத்துவிட்டான். கலைவாணன் விசையை அமுக்கித் திரையை அணைத்தான். அடிமூடியைத் திறந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கவேண்டும். பட்டறையில் இல்லாத சாவி கிடையாது. ஆனால் அந்த நட்சத்திரத் தலைத் திருகுக்கு ஒன்றும் சேரவில்லை. வீட்டுக்கு ஓடினான். இருபது நிமிஷம்.

அந்த இருபது நிமிஷத்தில்தான் டிரம்.

இனி தானே திறக்கக் கலைவாணன் துணியவில்லை. ரிப்பேர் கடைக்குப் பைக்கை அவன் ஓட்ட, காத்தமுத்து பின்னால் உட்கார்ந்து லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தான். அவன் மூக்கு ரத்தம் கலைவாணனின் சட்டை முதுகில் சொட்டி ஒட்டியது.

"சுடுது மாப்ள."

"என்ன சுடுது?"

"ஒம் பொட்டி. தொடைய சுடுது."

கலைவாணன் பாலத்தில் ஹாரனை விடாமல் அடித்தான். குறுக்கே வந்த சைக்கிள்காரர் ஒருவர் அம்மாவை இழுத்துத் திட்டினார்.

பள்ளிவாசல் பக்கத்துச் சந்தில் ஹமீதின் ரிப்பேர் கடை. அவர் கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தார்.

"என்னங்க, ஆடு வெட்டிட்டு நேரா வர்றீங்களா?"

"வழுக்கி விழுந்துட்டேன் பாய்" என்றான் காத்தமுத்து.

"தம்பி கைமேலயா வழுக்கி விழுந்தீங்க?"

ஹமீது லேப்டாப்பைக் கையில் வாங்கினார். சூடு பட்டதும் முகம் மாறியது. திருகுகளைக் கழற்றினார். பத்து. ரப்பர் காலுக்கு அடியில் ஒளித்து வைத்த இரண்டு. மூடி வந்ததும் தண்ணீர் மேசையில் ஓடியது. முதலில் பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். பேட்டரி கறுப்பாக, அப்பளம்போல உப்பியிருந்தது.

"டிஸ்க்கைக் கழட்டிக் குடுங்க பாய். அது போதும்" என்றான் கலைவாணன்.

"டிஸ்க்கா?" ஹமீது டார்ச் அடித்துக் காட்டினார். "இந்தா, இந்தக் கறுப்புச் சில்லுதான் ஒங்க டிஸ்க்கு. போர்டோட வச்சுக் கம்பெனிக்காரன் பத்தவச்சிட்டான். ரேமையும் பத்தவச்சிட்டான். பேட்டரிய பசை போட்டு ஒட்டிட்டான். எடையக் கொறைக்கிறானாம். பூட்டு வேற போட்டுருக்கான், சில்லைப் பேத்தெடுத்து வேற போர்டுல வச்சா ஒரெழுத்து படிக்காது. இதே போர்டு உசுரோட எந்திரிக்கணும். எந்திரிச்சாதான் ஒங்க சாமான்."

"எந்திரிக்குமா?"

"பேட்டரி வெளிய வரணும் மொதல்ல. இது வெடிச்சா போர்டும் போச்சு, எங் கடையும் போச்சு. வெளிய எடுத்துட்டுப் போங்க."

சந்தின் கடைசியில், சாக்கடை ஓரத்துச் சிமெண்ட் தரையில் வைத்தார்கள். ஹமீது பிளாஸ்டிக் அட்டையை நுழைத்துப் பார்த்தார். வளைந்து ஒடிந்தது. பசை விடவில்லை. காத்தமுத்து பைக் பெட்டியைத் திறந்து ஒரு தங்கூசிச் சுருணையை எடுத்தான். தூண்டிலுக்குப் போடும் நைலான் நரம்பு. ஒரு முழம் அறுத்து, இரண்டு முனையையும் விரல்களில் சுற்றிக்கொண்டு, பேட்டரிக்கு அடியில் செலுத்தி ரம்பம்போல இழுத்தான். பசை நூலாய் நூலாய் அறுந்தது.

"அட, இது நல்லாருக்கே" என்றார் ஹமீது.

"சும்மா இருங்க பாய். அவசரப்பட்டா கிழிஞ்சிரும்."

விரலில் நரம்பு வெட்டியது. அவன் கவனிக்கவில்லை. கால்வாசி அறுந்தது. பாதி அறுந்தது. பேட்டரியின் வயிறு இன்னும் கொஞ்சம் எழும்பியது. கலைவாணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு மாதமாக அவன் எதற்கும் அவசரப்படவில்லை. சோறு, குளியல், ஆபீஸ் வேலை எல்லாம் தன்பாட்டுக்கு நடந்தன. இப்போது காது அடைத்தது. கை தானாகப் போய் நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்தது. பசை விடாத மூலையில் அதைக் குத்தி நெம்பினான்.

"டேய்."

புஸ்ஸென்ற சத்தம். இனிப்பும் நெடியுமாக ஒரு வாடை. அடுத்த கணம் வெள்ளைப் புகை அவன் முகத்தில் அடித்தது. அதற்குப் பின்னாலேயே தீ. அடுப்பைப் போல எரியவில்லை, வாணம்போலப் பீய்ச்சியது. கலைவாணன் பின்னால் விழுந்தான். ஹமீது மணல் வாளிக்கு ஓடினார்.

காத்தமுத்து ஓடவில்லை. தீக்குள் கையை விட்டான். பேட்டரியின் எரியாத முனையைப் பிடித்தான். மீனின் செவுளைப் பிடுங்குவதுபோல ஒரே இழுப்பு. பசை, தோல், எல்லாம் சேர்ந்து வந்தது. சாக்கடையில் எறிந்தான். அது தண்ணீருக்குள்ளும் சீறி, சேற்றைக் கிளப்பி, இரண்டு தடவை வெடித்தது. பக்கத்து மாடியில் ஒரு பெண் ஜன்னலைச் சாத்தினாள்.

காத்தமுத்து கையைப் பார்த்தான். உள்ளங்கை வெள்ளையாக இருந்தது. இரண்டு விரலில் தோல் இல்லை. அப்போதும் சத்தம் போடவில்லை. "பொட்டியப் பாருங்க பாய்" என்றான்.

கலைவாணன் எழுந்தான். அங்கே உதைக்க வேறொன்றும் இல்லை. கழற்றிய அடிமூடியை உதைத்தான். சுவரில் போய் அடித்தது. போய் எடுத்து இரண்டு கையாலும் முறித்தான். அந்த அலுமினியத் தகடு முறியாமல் வளைந்து கொடுத்தது. அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. தரையில் போட்டு மிதித்தான், மிதித்தான். ஹமீது தடுக்கவில்லை. மூடிதானே.

போர்டின் ஒரு ஓரம் கருகியிருந்தது. நடுவில் இருந்த கறுப்புச் சில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஹமீது கூப்பிட்டார். போர்டைக் கழுவி, துலக்கி, காயவைத்திருந்தார். காத்தமுத்துவும் வந்தான். கையில் முழங்கைவரை கட்டு. மூக்கின்மேல் பிளாஸ்திரி. மருத்துவமனையில் டீசல் அடுப்பு சுட்டுவிட்டது என்று சொல்லியிருந்தான். மூக்கையும் அடுப்பிலா இடிச்சீங்க என்று நர்ஸ் கேட்டதாம்.

"ரெண்டு ஓட்டைல ஒன்னு கருகிப்போச்சு" என்றார் ஹமீது. "மிச்சம் ஒன்னு. பேட்டரியும் இல்ல. கரண்டும் அது வழியாத்தான் போகணும், ஒங்க சாமானும் அது வழியாத்தான் வரணும். ஒயர் ஆடுனா செத்துரும். யாரும் மேசையத் தொடாதீங்க."

டாங்கிளை அந்த ஒற்றை ஓட்டையில் செருகினார். அதில் சார்ஜர், அதில் தனி ஹார்ட் டிஸ்க் ஒன்று, அதில் திரை. விசையை அழுத்தினார். ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினார். திரையில் வெளிச்சம் வந்தது.

கலைவாணன் கடவுச்சொல்லை அடித்தான். எழில் என்று பெயர் வைத்த கோப்புறை. உள்ளே போகாமல், வெளியிலிருந்தே இழுத்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டான். பச்சைக் கோடு ஊர்ந்தது. ஒன்று. இரண்டு. போர்டிலிருந்து சூடு கிளம்பியது. ஹமீது மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினார். ஐந்து. கருகல் வாடை. ஏழு. காத்தமுத்து மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். ஒன்பது.

டப்பென்று ஒரு சின்னச் சத்தம். திரை இருண்டது.

ஹமீது அரைமணி நேரம் போராடினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"முடிஞ்சிச்சு தம்பி."

"மிச்சம் முப்பத்திரெண்டு?" என்றான் காத்தமுத்து.

"இதுக்குள்ளதாண்ணே இருக்கு. இனிமே யாராலயும் எடுக்க முடியாது."

காத்தமுத்து கலைவாணன் பக்கம் திரும்பினான். "வேற எங்கயாவது வச்சிருப்பல்ல மாப்ள. போன்ல, பென் டிரைவுல."

"இல்ல மச்சான்."

"எட்டு மாசமாவா?"

"தொறக்க முடியல. அந்தப் பேரப் பாத்தாலே மூடிருவேன்."

தெருவில் ஒரு ஆட்டோ போய் முடிந்தது.

"எம் பாருக்கு ரெண்டு காப்பி எடுத்த" என்றான் காத்தமுத்து. "பொட்டில ஒன்னு, போன்ல ஒன்னு. எந் தங்கச்சிக்கு ஒன்னு எடுக்கலையா நீ?"

அடித்தான். கட்டுப்போட்ட கையாலேயே அடித்தான். கலைவாணன் ஸ்டூலோடு சரிந்து, பழைய கீபோர்டுகள் அடுக்கியிருந்த அலமாரியில் மோதினான். கீபோர்டுகள் அவன் தலையில் கொட்டின. கடைவாயில் பல் குத்திக் கன்னம் உள்ளே கிழிந்தது. காத்தமுத்துவின் கைக்கட்டின்மேல் சிவப்பு ஊறிப் பரவியது. அவன் இன்னொரு தடவை ஓங்கினான். கலைவாணன் கையைத் தூக்கவில்லை. முகத்தைக் காட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"போதும்ணே" என்றார் ஹமீது. "ஒன்பது இருக்கு. அதப் பாப்போம்."

அவர் ஹார்ட் டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் செருகினார். அது பழைய பெரிய பெட்டி, பக்கவாட்டுத் தகடு இல்லாமல் குடல் தெரிய நின்றது. முதல் பதிவை ஓடவிட்டார்.

கொல்லைப்புறச் சுவர். அதில் சாய்த்துவைத்த கரும்பலகை. எழில்மதி சாக்பீஸோடு நிற்கிறாள். வாய் அசைகிறது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. அறை முழுக்க எஞ்சின் உறுமுகிறது. முக்கோணம் ஒன்று வரைகிறாள். எஞ்சின் விடவில்லை. சாக்பீஸை எறிந்துவிட்டுப் பக்கவாட்டில் திரும்புகிறாள். கழுத்து நரம்பு புடைக்கிறது.

"அண்ணே. அத நிறுத்தித் தொலைண்ணே. பசங்களுக்கு ஒரு எழவும் கேக்காது."

உறுமல் நின்றது. அவள் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு கேமராவைப் பார்த்தாள். "சரி. செங்கோண முக்கோணம்."

காத்தமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

கலைவாணன் எழுந்தான். வாயில் நிறைந்த ரத்தத்தை வாசலில் போய்த் துப்பிவிட்டு வந்தான்.

"பாய், இத காப்பி போடுங்க. ரெண்டு."

"மூனு போடுங்க" என்றான் காத்தமுத்து தரையிலிருந்து. "ஒன்னு ஒங்க கடையிலயே கெடக்கட்டும்."