இருபத்தேழு வருஷ மூப்பு

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வரிசை காலை பத்து மணிக்குத் தரையோடு படுத்திருக்கும். பத்தரைக்குச் சரிவாக எழும். பதினொன்றுக்கு நட்டுக்குத்தலாக நின்றுவிடும். செண்பகவடிவு வந்து சேர்ந்தது பதினொன்றரைக்கு. இன்று பதிவைப் புதுப்பிக்காவிட்டால் இருபத்தேழு வருஷ மூப்பு போய்விடும்.

"எக்கா, என் தோள்ல மிதிச்சு ஏறுங்க," என்றாள் அடியில் நின்றவள்.

"வலிக்காதா தாயி?"

"முப்பது பேரு ஏறிப் போயாச்சு. நீங்க ஒரு ஆளா."

வடிவு ஏறினாள். சன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

முதல் சன்னலில் தலைப்பாகைக் குமாஸ்தா. ஓய்வு பெற்று வெகுகாலமாகிவிட்டது. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"வேலையில்லாதவங்கன்னு யாரும் கிடையாதும்மா. கூலியைக் குறைச்சுக் கேளு, கிடைக்கும்."

"குறைச்சுத்தான் கேட்டேன் சார். சேர்ந்த அன்னைக்கே மில்லைப் பூட்டிட்டாங்க."

"அப்போ நீ ஓய்வுல இருக்க. அடுத்த சன்னல்."

இரண்டாமவர் மண்வெட்டியை நீட்டினார்.

"துணி வாங்க ஆளில்ல. அதான் மில்லு ஓடல. என் மேசைக்கடியில ஒரு குழி தோண்டுங்க."

தோண்டினாள்.

"மூடுங்க."

மூடினாள். "இப்ப வேலை பார்த்தேன்ல?"

"பார்த்தீங்க. குழிதான் முடிஞ்சிருச்சே."

மூன்றாமவரின் குரல் கூரையிலிருந்து வந்தது. அவர் வேலையில்லாதவர் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, ஏறி இறங்கும் சீசாப் பலகையின் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தார். மறுமுனையில் தக்காளிக் கூடை.

"விலை மேலே போனா வேலையில்லாதவங்க எண்ணிக்கை கீழே வரும். அப்படித்தான் இருந்துச்சு. ஒருநாள் ரெண்டு முனையும் சேர்ந்து மேலே போயிருச்சும்மா. இன்னும் இறங்கல."

நான்காமவர் இளைஞர். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நூத்துக்கு அஞ்சு பேரு சும்மா இருக்கணும். அது இயற்கை. இல்லாட்டி விலைவாசியைப் பிடிக்க முடியாது."

வடிவு சேலையை இழுத்துச் செருகினாள்.

"அப்ப விலைவாசியைப் பிடிச்சு வச்சிருக்கிறது நானு."

"அப்படித்தான்."

"இருபத்தேழு வருஷமா."

அவர் பதிவேட்டைப் புரட்டினார். "ஒருநாள்கூட லீவு இல்ல."

"அப்ப இது வேலை சார். அனுபவச் சான்றிதழ் குடுங்க."

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தலைப்பாகைக்காரர் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு முதல் முத்திரையைக் குத்தினார். கூரையிலிருந்தவர் காலால் குத்தினார்.

"பதிவைப் புதுப்பிக்க வேண்டாமா?" என்றாள் வடிவு.

"வேலையில இருக்கிறவங்களுக்கு எதுக்கும்மா புதுப்பிப்பு?"

வரிசை அவளுக்காக மறுபடி தரையோடு படுத்தது. நடந்து வெளியே வந்தாள்.

மத்தியானம் சந்தையில் தக்காளி விலை எழுந்து நின்றது. வடிவு சான்றிதழைக் காட்டினாள்.

"உக்காரு."

உட்கார்ந்தது. பக்கத்திலிருந்த வெங்காய விலை, சொல்லாமலே உட்கார்ந்தது.