பார்வை நேரச் சர்க்கரை

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகே சுவரில் ஒரு கை கழுவும் தொட்டி இருந்தது. குழாய் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. அதில் பழந்துணியைத் திணித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் கிருமி கொல்லும் திரவப் புட்டி ஒன்று தொங்கியது. பெயின்டரின் மனைவி அதை இரண்டு முறை அழுத்தி, உள்ளங்கை சூடாகும்வரை தேய்த்துவிட்டுக் காத்திருந்தாள். மிட்டாய் ஆலையில் காலை ஷிப்ட் முடிந்ததும் ஓடி வந்தவள். அங்கே குழாயடி வரிசையில் நின்றால் பஸ் போய்விடும். பஸ் போனால் அன்றைக்குப் புருஷன் முகத்தைப் பார்க்க முடியாது.

பெயின்டருக்குக் காலில் ஆணி குத்தியிருந்தது. படுத்தால் கூலி போய்விடும் என்று, கட்டோடு சாரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். புண் சீழ் வைத்து, விஷம் இரத்தத்தில் கலந்து, இப்போது மூச்சு விடுவதற்கே இயந்திரம் தேவைப்பட்டது. இடது கையில் மருந்துக் குழாய்கள். வலது கைதான் மிச்சம். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தக் கையை எடுத்துக்கொண்டு, சில்லிட்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துச் சூடேற்றுவாள். நகக்கண்ணில் ஒட்டியிருந்த நீலப் பெயின்டைச் சுரண்டுவாள். பார்வை நேரம் முழுவதும் இதுதான் அவளுக்கு வேலை.

நர்ஸ் மணிக்கொரு தரம் அந்த வலது கை விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைச் சின்னக் கருவியில் வைத்துச் சர்க்கரை பார்ப்பாள். லேபுக்கு அனுப்பினால் முடிவு வர நேரமாகும்; கருவியோ கண் சிமிட்டுவதற்குள் சொல்லிவிடும்.

"அவருக்குச் சர்க்கரை வியாதியே கெடையாதே சிஸ்டர்?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

"இந்த அளவுக்கு உடம்பு கெட்டா, இல்லாதவங்களுக்கும் ஏறும்க்கா. ஏறினா இன்சுலின் போடுவோம். ரொம்ப எறங்கிடவும் கூடாது. எறங்கினா உயிருக்கே ஆபத்து."

லீவு முடிந்து அவள் மறுபடி ஆலை வேலைக்குப் போன முதல் நாள் அது; அன்றைக்குத்தான் விசித்திரம் தொடங்கியது. பார்வை நேரம் முடிந்ததும் குத்திப் பார்த்தால் முந்நூற்று எண்பது. அதற்கு முன் வரை நூற்று முப்பதைத் தாண்டாதது. இன்சுலினைக் கூட்டினார்கள். ஆயா வெந்நீர்த் துணியால் உடம்பைத் துடைத்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில், பெயின்டருக்கு வியர்த்துக் கொட்டி வலிப்பு வந்தது. இப்போது கருவி முப்பத்தாறு என்றது. ஓடி ஓடி குளுக்கோஸ் ஏற்றி ஆளை மீட்டார்கள். மறுநாளும் அச்சுப் பிசகாமல் அதே கதை.

"நீங்க வந்தாலே ஏறுதுக்கா. அவ்வளவு பாசமா?" என்று நர்ஸ் கேலி செய்தாள். பெரிய நர்ஸுக்குக் கேலி பிடிக்கவில்லை. வாட்ச்மேனை விட்டுப் பையைச் சோதிக்கச் சொன்னாள். உள்ளே ஒரு பொட்டலம் உடைந்த மிட்டாய்.

"மூக்குல இருக்கிற குழாய்ல கரைச்சு ஊத்தினியா?"

"ஐயோ, அது புள்ளைக்கு. ஆலையில உடைஞ்சதைக் குடுப்பாங்க."

கட்டிலின் கால்மாட்டில் நின்ற நாத்தனார் முகம் கறுத்துப்போனது. "அண்ணி, உண்மையச் சொல்லுங்க. எங்க அண்ணன் எளைச்சுப் போயிட்டாருன்னு எதாவது குடுத்தீங்களா?"

"நீயும் இங்கதானே நின்ன! என் கையில வேற என்ன இருந்துச்சு, அவரு கையைத் தவிர?"

அடுத்த நாள் அவளை உள்ளே விடவில்லை. நாத்தனார் மட்டும் போய், பயந்துபோய் எதையும் தொடாமல் நின்றுவிட்டு வந்தாள். பார்வை நேரம் முடிந்தது. கருவி நூற்று இருபத்தெட்டு என்றது. பெரிய நர்ஸ் தலையை மட்டும் ஆட்டினாள். நாத்தனார் பஸ்ஸில் அண்ணியின் பக்கத்தில் உட்காரவில்லை.

அன்று பெயின்டரின் மனைவிக்குத் தூக்கமே இல்லை. தான் எதையும் கொடுக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் தான் வந்தால் ஏறுகிறது, வராவிட்டால் ஏறவில்லை என்பதும் கண்ணெதிரே நடந்திருக்கிறது. தன்னால் எப்படி ஏறும்? அந்தக் கேள்வி அவளைப் பிடுங்கித் தின்றது.

மறுநாள் வெளியே டீ வாங்கப் போன நர்ஸை மடக்கி, இரண்டு கையாலும் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "நான் எதுவும் குடுக்கல சிஸ்டர். எப்படி ஏறுச்சுன்னாவது சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சாகணும்."

"எனக்கும் அதேதான்க்கா மண்டையக் குடையுது."

நர்ஸ் உள்ளே வந்து கையுறை மாட்டப் போனாள். விரல் உள்ளே நுழையாமல் ஒட்டிக்கொண்டது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள். ஆரஞ்சு மிட்டாய் வாசனை. பிறகு யாரையும் கேட்காமல், ஸ்பிரிட் பஞ்சால் வழக்கம்போல ஒரு துடை துடைத்து, தன் விரலிலேயே குத்தினாள். கருவி நானூற்றுப் பத்து என்றது. சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி குத்தினாள். தொண்ணூற்று ஆறு.

டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் ஆர்வம் வந்துவிட்டது. வெளியே போய் மனைவியிடம் கையை நீட்டினார். "அவரு கையப் பிடிக்கிற மாதிரி பிடிங்கம்மா." அவள் கூச்சத்தோடு பிடித்தாள். அவர் விரலும் முந்நூற்றைத் தாண்டியது.

"தோல்ல ஒட்டின சர்க்கரையத்தான் இது எண்ணியிருக்கு. இரத்தத்துல ஏறவே இல்ல," என்றார் டாக்டர், கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி.

"நான்தான் அந்த மருந்து தேச்சுக் கையச் சுத்தம் பண்ணிட்டு வந்தேனே டாக்டர்?"

"அது கிருமியக் கொல்லும்மா. சர்க்கரையக் கழுவாது. அதுக்குத் தண்ணி வேணும்."

எல்லோருடைய கண்ணும் ஓட்டையில் திணித்த துணியின் பக்கம் போனது. நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு நாளும் இன்சுலினைக் கூட்டினது நான்தான்க்கா," என்றாள். பெயின்டரின் மனைவியைத் தங்கள் அறைக்கு அழைத்துப்போய் நர்ஸே சோப்பு எடுத்துக் கொடுத்தாள். அன்று அவள் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தும் கருவி நூற்று முப்பதில் நின்றது. நாத்தனார் பஸ்ஸில் வந்து ஒட்டி உட்கார்ந்து, "தப்பா நெனச்சுட்டேன் அண்ணி," என்றாள்.

டாக்டர் விஷயத்தை எழுதி மேலே அனுப்பினார். மறுநாள் பெயின்டரின் மனைவி ஒரு பாட்டில் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து, வாசல் சாக்கடையோரம் உட்கார்ந்து முழங்கைவரை கழுவிவிட்டு மாடி ஏறினாள். தொட்டிக்கு முன்னால் ஒருவன் ஏணி போட்டுச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தான். பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷமாகிவிட்டது.

"குழாயா அண்ணே?"

"குழாயைப் பத்தி எனக்குத் தெரியாதும்மா. போர்டு மாட்டச் சொன்னாங்க."

இறங்கி ஏணியை மடக்கினான். புதுப் போர்டு பளபளவென்றிருந்தது: 'பார்வையாளர்கள் நோயாளியைத் தொடக் கூடாது.'

"நான் கழுவிட்டேன் சிஸ்டர், பாருங்க," என்று கையை விரித்துக் காட்டினாள். நர்ஸ் பெரிய நர்ஸின் மேசைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் ஒரே ஆர்டர்க்கா," என்று தலை குனிந்தாள். ஸ்டூலைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள்.

அன்றுதான் பெயின்டர் முதல்முறையாகக் கண் திறந்தான். வாயில் குழாய் இருந்ததால் பேச்சு இல்லை. அவளைப் பார்த்தான். வலது கை விரிப்பின்மேல் மெல்ல நகர்ந்து, கட்டிலின் ஓரத்துக்கு வந்து, விரலை விரித்துக் காத்திருந்தது. அவள் ஈரம் காயாத கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றாள்.