வருடத்துக்கு ஒரு வளையம்

அந்த இருபத்து நான்கு வீட்டுக் குடியிருப்பு வருடத்துக்கு நான்கு விரல் கிழக்கே நகர்ந்தது. குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு முடிந்த மறுநாள் காலை, ஒருவர் பல் துலக்கி முடிப்பதற்குள், மூன்று மாடியும் மொட்டை மாடித் தொட்டியும் கொடியில் காயும் துணியுமாக அது பழைய இடத்தைவிட்டுத் தள்ளி நின்றுகொள்ளும். கனமான பீரோவை யாரோ அடுத்த அறையில் இழுப்பது போல ஒரு சத்தம் வரும். அதோடு சரி. கிழக்கே இருந்த காலி மனை சங்கத்துக்கே சொந்தம் என்பதால் அண்டை வீட்டாரோடு தகராறு எதுவும் வரவில்லை. மேற்குச் சுவரில் ஒரு கொக்கியும், மேற்கு எல்லையில் ஓர் இரும்புத் தூணும், இரண்டையும் இணைக்கும் ஒரு சங்கிலியும் இருந்தன. முதல் நிர்வாகக் குழு அதை எதற்காகக் கட்டியது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். விதி மட்டும் இருந்தது: வருடத்துக்கு ஒரு வளையம். பொதுக்குழு நாளன்று வெல்டர் வந்து சங்கிலியில் ஒரு வளையம் சேர்ப்பார், எண்ணெய் போடுவார், பச்சை வர்ணம் அடிப்பார். நாளைக்குக் கட்டிடம் நகரப் போகிறது, அதனால் இன்றைக்குச் சங்கிலியை நீட்டி வைக்கிறோம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தெட்டு வருடம் அப்படித்தான் நினைத்தார்கள்.

நகர்வதால் ஆகும் வேலை முழுவதும், தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் மோட்டார் அண்ணனுடையது. தெருக் குழாய் மேற்கே இருந்தது, மோட்டார் கட்டிடத்தோடு கிழக்கே போனது. ஆகவே ஒவ்வொரு வருடமும் அவர் பின்பக்கம் பள்ளம் தோண்டி நான்கு விரல் நீளத்துக்குக் குழாய் ஒட்டுவார். கைப்பிடியில் சிவப்பு வயர் சுற்றிய ஒரு ஸ்பானர் எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். தென்மேற்கு மூலையில், தரைத்தளத்தில், மோட்டார் ஓடும் அறையின் மறுபாதிதான் அவர் வீடு. கல்யாணத்துக்கு முன்பே அங்கே வந்தவர். மனைவி அங்கேதான் வந்தார், மகள் அங்கேதான் நடை பழகினாள். மோட்டார் நின்றால்தான் அந்தப் பெண் தூக்கத்திலிருந்து எழுந்து அழுவாள் என்று மாடியில் சொல்லிச் சிரிப்பார்கள்.

கட்டிடம் விட்டுச் சென்ற நான்கு விரல் மண்ணில், அந்த வருடம் அந்த இருபத்து நான்கு வீடுகளில் தொலைந்த பொருள்கள் கிடந்தன. மூன்றாம் மாடியில் தொலைந்ததும் அங்கேதான் வரும். மோட்டார் அண்ணன் பள்ளம் தோண்டும்போது அவற்றைப் பொறுக்கி, ஒரு வாளித் தண்ணீரில் கழுவி, மாலையில் படியேறி வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவார். சாவிகள், கம்மல் திருகுகள், ஒற்றைச் செருப்பு, பரிசு வாங்கிய பேனா, ஒரு வருடம் ஒரு பல் செட். “இது யாருதுன்னு கேக்க மாட்டேன், வாயைத் திறந்து காட்டுங்க போதும்” என்று அவர் மாடி மாடியாகக் கேட்டுக்கொண்டு போனதை வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பட்டை மண்ணின் ஓரத்திலும் அவர் ஒரு வரிசை செங்கல் துண்டு பதித்து வைத்தார். விடுமுறை நாள் மாலைகளில் குடும்பங்கள் அங்கே வந்து நிற்கும். இது நாம் குடிவந்த வருடம், இது உனக்கு அம்மை போட்ட வருடம், இதில்தான் தம்பி பிறந்தான் என்று அப்பாக்கள் காலால் காட்டுவார்கள். குழந்தைகள் ஒரு செங்கல் வரிசையைத் தாண்டிக் குதித்து, “இப்ப நான் பொறக்கவே இல்ல!” என்று கத்துவார்கள். ஏழடி அகலம்தான். ஆனாலும் அதைக் கடக்கப் பெரியவர்களுக்கு அரை மணி நேரம் பிடித்தது.

இருபத்தெட்டாவது வருடம் மாநகராட்சி அந்தப் பக்கம் ஒரு சாலை திட்டமிட்டது. பொறியாளர் ஒருவர் வரைபடத்தோடு வந்து சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். கோடு செங்கல் வரிசைகளின் மேல் போனது, பச்சைச் சங்கிலியைத் தாண்டியது, தென்மேற்கு மூலைச் சுவரில் முட்டியது. அவர் கதவைத் தட்டி உள்ளே வந்து, அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் மீதிக் கோட்டைப் போட்டு முடித்தார். மூலையில் ஒன்பது அடி சாலைக்குள் வருகிறது, அதை மட்டும் இடித்தால் போதும், மற்ற வீடுகளுக்குப் பாதிப்பில்லை என்று கடிதம் வந்தது. மோட்டார் அண்ணனின் மனைவி அந்தக் கோட்டை அழிக்கவில்லை. பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்கினார்.

சங்கம் கூடியது. மூன்றாம் மாடியில் லிஃப்ட் சார் என்று ஒருவர் இருந்தார். எந்தக் கூட்டத்தில் எதைப் பற்றிப் பேசினாலும் லிஃப்டில் கொண்டுவந்து முடிப்பவர். மனைவியை இழந்தவர், முழங்கால் வலிக்காரர். சாலை வந்தால் வாசலிலேயே பஸ் நிற்கும், மூலையில் நல்ல சுவராக எழுப்பிக்கொள்ளலாம், அப்படியே லிஃப்டுக்கும் ஒரு குழி தோண்டிவிடலாம் என்றார். பலர் தலையாட்டினார்கள். “மோட்டாரை எங்க வைக்கிறது?” என்று யாரோ கேட்டார்கள்.

“மோட்டாருக்கா இடமில்ல? மாடிப்படிக்கு அடியில வச்சிக்கலாம்” என்றார் லிஃப்ட் சார்.

“மோட்டாருக்கு இருக்கு சார். எனக்கு?”

மோட்டார் அண்ணன் உறுப்பினர் இல்லை. அதனால் கூட்டத்துக்குள் உட்காராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கூட்டம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

அப்போது சங்கத்தின் செயலாளராக இருந்தவர் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்த பெண். வேறு யாரும் முன்வராததால் செயலாளர் ஆனவர். கூட்டங்களில் எழுதுவார், பேச மாட்டார். அந்த வாரம் முழுவதும் அவர் பழைய பதிவேடுகளைப் படித்தார். மழை கொட்டிய வருடம் நான்கு விரல். மழையே இல்லாத வருடம் நான்கு விரல். பாதி வீடுகள் காலியாக இருந்த வருடமும் நான்கு விரல். தானாக நகரும் எதுவும் இவ்வளவு ஒழுங்காக நகராது என்று அவருக்குப் பட்டது. பின்பக்கம் போய்ச் சங்கிலியில் ஒரு வளையத்தின் மேல் கை வைத்துப் பார்த்தார். நான்கு விரல் அகலம். சங்கிலியைத் தட்டிப் பார்த்தார். வீணைத் தந்தி போல விறைப்பாக இருந்தது. குழாய் ஓரமாக நின்றிருந்த மோட்டார் அண்ணனைக் கூப்பிட்டார்.

“அண்ணே, கட்டிடம் நகருதுன்னு நாம வளையம் போடல. நாம வளையம் போடுறோம்னுதான் அது நகருது.”

அவர் சங்கிலியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். “அப்ப இத்தனை வருஷமா நாமதான் இதைக் கட்டி வச்சிருக்கோமா மேடம்? பாவம்” என்றார்.

இரண்டாவது கூட்டத்தில் செயலாளர் எழுந்து நின்றார். முப்பத்தாறு வளையம் ஒரே தடவையில் சேர்த்தால் ஒன்பது அடி நகரும், யார் வீடும் இடிபடாது, இதற்கு விதியைத் திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் கூட்டத்தில் பேசியது அதுதான் முதல் தடவை. ஒன்பதடி போனால் தரை விரிசல் விடாதா என்றார்கள். பாலை அடுப்பில் வைத்திருக்கும்போது நகர்ந்தால் என்ன செய்வது என்றார்கள். கை தூக்கச் சொன்னபோது பன்னிரண்டு கை எழுந்தது. பன்னிரண்டு எழவில்லை. எழாத கைகளில் ஒன்று லிஃப்ட் சாருடையது. அவர் மோட்டார் அண்ணன் நின்றிருந்த வாசல் நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு பதினொன்றாம் வருடப் பட்டையில் அவர் மனைவியின் மூக்குக்கண்ணாடி வந்திருந்தது. தேடித் தேடிக் கிடைக்காமலே அந்த அம்மாள் போய்ச் சேர்ந்திருந்தார். மோட்டார் அண்ணன் அதைக் கழுவித் துடைத்து, தன் சட்டைப் பையில் வைக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்திருந்தார். லிஃப்ட் சார் கையைத் தூக்கினார். “எழுதிக்கோம்மா. ஆனா அடுத்த கூட்டத்துல லிஃப்டைப் பத்திப் பேசணும்” என்றார்.

ஒரு சனிக்கிழமை முழுவதும் வெல்டர் வேலை செய்தார். ஞாயிறு காலை எல்லோரும் அடுப்பை அணைத்துவிட்டு, கண்ணாடிச் சாமான்களைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். கட்டிடம் நகர்ந்தது. இந்த முறை பீரோ இழுக்கும் சத்தம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கேட்டது. குழந்தைகள் ஜன்னலில் நின்று தெருவுக்குக் கை காட்டினார்கள். மோட்டார் அண்ணன் வீட்டில் சுண்ணாம்புக் கோடு முதலில் அடுப்புக்கு அடியில் போனது, பிறகு சுவருக்கு அடியில், பிறகு வெளியே. அவர் மனைவி ஒரு மாதத்துக்குப் பிறகு தரை முழுவதையும் பெருக்கினார். பொறியாளர் வந்து மூன்று தடவை அளந்தார். கடைசியில், கட்டிடம் சாலைக்கு வெளியே உள்ளது, முந்தைய அளவீடு பிழையானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாலை வந்தது. உள்ளே தள்ளி ஒரு புதுத் தூண் நட்டு, சங்கிலியைக் குறைத்து அதில் இறுக்கிய பிறகே பழைய தூணைப் பிடுங்கினார்கள். இருபத்தெட்டு செங்கல் வரிசைகளும் தாருக்கு அடியில் போயின. இப்போது அந்த வருடங்களின் மேல் பஸ் ஓடுகிறது. பழைய ஆட்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, சரியாக எங்கே நின்று குழந்தைகள் குதித்தார்கள் என்று காலால் தேடுவார்கள்.

சாலை வருவதற்கு முன்பே மோட்டார் அண்ணன் புதிதாக வெளிப்பட்ட ஒன்பது அடியையும் தோண்டிக் குழாய் பதித்தார். நிறையப் பொருள்கள் கிடைத்தன. வாளி வாளியாகக் கழுவிக்கொண்டு மாடி ஏறினார். எல்லா வீட்டிலும், எங்களுடையது இல்லையே, நாங்கள் எதையும் தொலைக்கவில்லையே என்றார்கள். இன்னும் பிறக்காத குழந்தை ஒன்றின் பெயர் எழுதிய தண்ணீர் பாட்டில் இருந்தது. இன்னும் வராத வருடம் பொறித்த ஒரு பதக்கம் இருந்தது. கடைசியாக, மண்ணுக்குள் ஒரு ஸ்பானர். கைப்பிடியில் சிவப்பு வயர். அவர் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். ஸ்பானர் அங்கேயே இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே சிராய்ப்பு. செயலாளர் எல்லாவற்றையும் அலுவலக அலமாரியில் அடுக்கி, ஒரு புதிய பதிவேடு தொடங்கினார். அதில் அந்த வரி இப்படி இருக்கிறது: ஸ்பானர் ஒன்று, சிவப்பு வயர் சுற்றியது, இன்னும் தொலையவில்லை.

அதன் பிறகு அந்தக் குடியிருப்பில் எது காணாமல் போனாலும் யாரும் வீட்டில் தேடவில்லை. நேராக அலுவலகத்துக்கு வந்து அலமாரியைத் திறந்து எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். வருடத்துக்கு ஒரு வளையம் தொடர்ந்தது. புதுப் பட்டைகளில் வந்தவற்றில் சில எதற்குப் பயன்படும் என்றே தெரியவில்லை. அவற்றையும் எழுதி வைத்தார்கள். லிஃப்ட் வரவில்லை. அதைப் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் பேசினார்கள்.

பதினோரு வருடம் கழித்து மோட்டார் அண்ணன் இறந்துபோனார். அப்போது மகளுக்குத் தண்ணீர் வாரியத்தில் வேலை. அம்மா தனியாக இருக்கிறார் என்று அந்த அறைக்கே திரும்பி வந்துவிட்டாள். நான்காம் நாள் மோட்டாரின் வாஷர் போய்த் தண்ணீர் ஏறவில்லை. அவள் அப்பாவின் ஸ்பானரைக் கட்டிலுக்கு அடியிலும், பரணிலும், அவர் சட்டைகளுக்கு நடுவிலும் தேடினாள். மாடியில் எல்லோரும் காலி வாளியோடு காத்திருந்தார்கள், யாரும் குரல் கொடுக்கவில்லை. மத்தியானம் அவள் அலுவலகத்துக்கு வந்தாள்.

“அக்கா, அப்பாவோட ஸ்பானரைக் காணோம்.”

செயலாளருக்கு அப்போது தலை நரைத்திருந்தது. அவர் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஸ்பானரை எடுத்து மேசை மேல் வைத்தார். பதிவேட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினார். அவள் அதைப் படித்தாள், பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டாள். வயர் சுற்றிய கைப்பிடியை ஒரு தடவை இறுக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு போய் மோட்டாரைச் சரி செய்தாள். மூன்று மணிக்கு மூன்றாம் மாடியில் தண்ணீர் வந்தது.