நாற்பத்தொரு பொட்டுகள்

“அப்ப பூச்சி பேஞ்சத எண்ணத்தான் சேர் உங்களுக்குச் சம்பளம் தாராங்க?”

“அளந்து பேசுங்க நானா. இது விஞ்ஞானம்.”

நாவுலைக்கு அப்பாலிருந்த நெல் ஆராய்ச்சிப் பண்ணையில், உத்தியோகத்தர் ஞானரட்ணம் அந்தச் சொல்லை எப்போதும் இப்படித்தான் சொல்வார், பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் பிஸ்கட் டின்னை வைப்பதுபோல. அவருடைய சப்பாத்தில் சேறு பட்டு ஆறு வருடம் இருக்கும். உதவியாளர் டொறீன் அதைத் துல்லியமாக அறிவாள். வயலில் இறங்கும் வேலை முழுவதும் அவளுடையது.

எதிரே நின்று அப்படிக் கேட்ட விவசாயி இத்ரூஸை அவர் இருக்கச் சொல்லவில்லை. இருந்த ஒரே கதிரையில் பைல்கள் இருந்தன.

போன போகத்தில் இதே ஞானரட்ணம்தான் இத்ரூஸின் தலையில் பண்ணையின் புது நெல்லைக் கட்டினார். தண்டில் சாறு குடிக்கும் தத்திப் பூச்சி இறங்கியது. கொதிநீர் ஊற்றியதுபோல வயல் வட்டம் வட்டமாகக் கருகியது. மூலையில் வாப்பா காலத்துச் சிவப்பு நெல் மூன்று பாத்தி மட்டும் பச்சையாக நின்றது. கவர்மெண்டுக்கு உதவுமென்று, வீட்டில் ஒரு பிடிகூட வைக்காமல், அவ்வளவு விதையையும் தலையணை உறையில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார் மனிதர். இந்த வயதில் இவ்வளவு நம்பிக்கையா என்று டொறீனுக்கு அவர் மேலும் எரிச்சல்தான்.

மேலிடத்துக்குப் போகும் தெரிவுப் பட்டியலில் இடம் கிடைக்காத விதை ஞானரட்ணத்தின் குவார்ட்டர்ஸ் கோழிகளுக்குப் போகும். பட்டியல் மூன்று மணி ஜீப்பில் போகிறது. எண்பத்தொன்பதாம் ஆண்டு, நாலு மணிக்கு ஊரடங்கு.

“உங்கட நெல்லுல நாப்பத்தொரு பொட்டு. எங்கட நெல்லுல பத்தொம்பது,” என்றார் ஞானரட்ணம். “பூச்சி எத விரும்பிக் குடிச்சிருக்குன்னு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.”

பொட்டுகளை எண்ணியவள் டொறீன். பயிரின் தூரில் கிண்ணத்தைக் கவிழ்த்து, ஐந்து தத்திகளை உள்ளே விட்டு, அடியில் சாயம் தோய்த்த தாளை விரித்தவளும் அவள்தான். தண்டின் இனிப்புச் சாறு கிடைத்தால் தத்தி ஒரே இடத்தில் இருந்து குடிக்கும். கழிவது தாளில் நீலமாக விழும். எதிர்ப்புள்ள நெல்லில் அந்தச் சாறு வாய்க்காது. அங்கும் இங்கும் குத்தி, வெறும் தண்ணீரை உறிஞ்சி, தண்ணீராகவே கழிக்கும். அது வெளிறிய பொட்டு. பட்டினி கிடக்கும் பூச்சியின் பொட்டு. இத்ரூஸின் நெல்லில் நாற்பத்தொன்றும் வெளிறியவை, பண்ணை நெல்லில் பத்தொன்பதும் நீலம். தாள்களோடு வந்த குறிப்பில் இதெல்லாம் இருந்தது. அந்தக் குறிப்பை மடித்து, ஆடும் மேசையின் காலுக்கு அண்டை கொடுத்திருந்தார் ஞானரட்ணம். ஒருநாள் கூட்டும்போது டொறீன்தான் உருவி வாசித்தாள்.

படிவத்தில் எண்ணிக்கைக்குக் கட்டம் இருந்தது. நிறத்துக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத எதுவும் ஞானரட்ணத்துக்கு உலகத்தில் இல்லை. போன மாதம் அவள் நிறத்தைப் பற்றி வாய் திறந்தபோது, “மிஸ்ஸுக்கு ஓவியம் தெரியுமோ?” என்று கேட்டார். அவளுடைய வேலை தற்காலிகமானது. வாயை மூடிக்கொண்டாள். தன்மேல் அவளுக்கிருந்த வெறுப்பும் அன்றைக்கே தொடங்கியது.

இத்ரூஸ் குனிந்து மேசையில் கிடந்த இரண்டு தாள்களிலும் விரலை வைத்தார்.

“இது ஒட்டுது சேர். எங்கடது ஒட்டல்ல. வயல்லயும் அப்பிடித்தான். தத்தி குடிச்ச தூர்ல கைய வெச்சா பிசுபிசுக்கும்.”

“விரல எடுங்க. அரசாங்க ஆவணம்.”

“எழுதினா எழுதுங்க, எழுதாட்டி விடுங்க. விதையத் திருப்பித் தாங்களேன்.”

“பண்ணைக்குள்ள வந்தது பண்ணைச் சொத்து.”

முற்றத்தில் ஜீப் ஹோர்ன் அடித்தது. ஞானரட்ணம் பட்டியலை இழுத்து, இத்ரூஸின் நெல் இருந்த வரியில் அடிமட்டத்தை வைத்து, சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றினார். கோடு போடுவதென்றால் மனிதர் நேராகத்தான் போடுவார்.

டொறீன் இரண்டு தாள்களையும் தூக்கி அடிமட்டத்தின் மேலேயே வைத்தாள்.

“சேர், கோடு போட முந்தி இத ரெண்டையும் ஒருக்காத் தொட்டுப் பாருங்க.”