சம்பந்தி காரில் ஒரு கசிவு

மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லாத ஊர் அது. ஆனால் "காது" என்று பட்டப்பெயர் வாங்கியவர் ஒருவர்தான். வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே, பானெட்டைத் திறக்காமல், எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவார். முப்பது வருடமாக அந்தப் பெயர்தான் அவர் பட்டறைக்கு ஆளைக் கூட்டிவந்தது.

அந்தக் காது போய் இரண்டு வருடமாகிவிட்டது. தடதடப்பு கேட்கும், உறுமல் கேட்கும். மெல்லிய சத்தம் மட்டும் சுத்தமாகக் கேட்காது. விசில், காற்று இரைவது, போனில் மகள் குரல் எல்லாமே போய்விட்டன. இதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. டிவியை அலறவிடுவது வெறும் திமிர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வெளியே தெரிந்தால் ஊர் சிரிப்பாய்ச் சிரிக்கும். அதிலும் சம்பந்திக்குத் தெரிந்தால் அவ்வளவுதான், அப்புறம் தலைநிமிர்ந்து மகள் வீட்டு வாசற்படி ஏற முடியாது.

மகளின் மாமனார் ஓய்வுபெற்ற நீதிபதி. காப்பிக்குச் சர்க்கரை போதும் என்பதைக்கூடத் தீர்ப்பு மாதிரிதான் சொல்வார். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் ஆசைஆசையாக வாங்கிய பெரிய ஆட்டோமேட்டிக் சொகுசுக் கார் ஒன்று எட்டு வருடமாக அவர் வீட்டில் தார்ப்பாய்க்குள் தூங்கியது. "உங்க அப்பாவுக்கு இந்த மாதிரி வண்டியெல்லாம் பழக்கம் உண்டா?" என்று அவர் மருமகளிடம் சாதாரணமாகத்தான் கேட்டார். அது காதுக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. நாலே மாதத்தில் ஓட்டிக்காட்டுகிறேன் என்று வண்டியைக் கட்டி இழுத்துவந்துவிட்டார்.

இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் கட்டினார். பிஸ்டன், ரிங், வால்வு எல்லாம் புதுசு. முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டு பூனை மாதிரி ஓடியது. ஆனால் கியரைப் போட்டு நிறுத்தினால் மட்டும் உடம்பெல்லாம் உதறும், சில சமயம் அணைந்தே போகும். எங்கோ திருட்டுத்தனமாகக் காற்றை இழுக்கிறது என்று பார்த்த உடனே அவருக்குப் புரிந்துவிட்டது. எங்கே என்பதுதான் பிடிபடவில்லை. மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். உள்ளே புகையை ஊதிப் பார்த்தார், ஒரு இழை வெளியே வரவில்லை. ஒவ்வொரு குழாயின் மூட்டிலும் ஸ்ப்ரே அடித்தார், இன்ஜின் அசைந்துகொடுக்கவில்லை. முன்பென்றால் ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துப் பத்து நிமிடத்தில் பிடித்திருப்பார். இப்போதும் வைத்துப் பார்த்தார். தன் நாடித்துடிப்புதான் கேட்டது.

பக்கத்துத் தடுப்பில் பெயிண்டர் இருந்தார். "கொஞ்சம் வந்து கேட்டுச் சொல்லு" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். வாய் வரவில்லை. நாலாம் நாள் காலை ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகி, வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தைக் கூட்டிவைத்தார். உதறல் அடங்கியது. அது வைத்தியமில்லை, பூசி மெழுகல் என்று அவருக்கே தெரியும்.

பத்து மணிக்குச் சம்பந்தியும் மகளும் வந்தார்கள். மலைக்குக் கீழே இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு இந்தக் காரிலேயே போய் இறங்க வேண்டும் என்று சம்பந்திக்கு ஆசை. முதலில் கடைத்தெருவில் ஒரு சுற்று. சம்பந்தி ஓட்ட, மகள் பக்கத்தில் உட்கார, காதுக்காரர் பின்சீட்டில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிக்னலில் வண்டி நின்றது.

"சம்பந்தி, ஏதோ உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதே?" என்று பின்னால் திரும்பிக் கேட்டார் சம்பந்தி.

காதுக்காரருக்கு ஒன்றும் கேட்கவில்லை. "அது ஏசி" என்று சொல்லிவைத்தார்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, ஏசி ஆஃப்லதான் இருக்கு."

"பழைய வண்டிம்மா. ஆஃப் பண்ணினாலும் கொஞ்ச நேரம் காத்து வரும்."

"நிறுத்தும்போது மட்டும் வருதேப்பா."

"ஓட ஓடச் சரியாயிடும்."

சுற்று முடிந்து பட்டறை வாசலில் இறங்கிக்கொண்டார், கை காட்டினார், வண்டி போய்விட்டது.

ஸ்பானர்களைத் துடைத்து மாட்டும்போது மகள் சொன்னது திரும்பவந்து நின்றது. நிறுத்தும்போது மட்டும். நிறுத்தும்போது கால் எங்கே இருக்கும்? பிரேக்கில். மூன்று நாளாக அவர் தனியாக பானெட் பக்கம் நின்று தேடினார், அப்போது பெடலில் யார் காலும் இல்லை. கியர் போட்டால் உதறுகிறது என்று நினைத்தாரே, பிரேக்கை மிதிக்காமல் அந்த வண்டியில் கியரே விழாது. கசிவு இன்ஜினில் இல்லை. பிரேக்குக்குப் பலம் கொடுக்கும் பூஸ்டரில், உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வில். எட்டு வருடம் சும்மா கிடந்த ரப்பர். மிதிக்க மிதிக்க இன்னும் கிழியும். முழுக்கக் கிழிந்தால் பெடல் கட்டையாகிவிடும். போதாக்குறைக்கு, வண்டியைத் தானாக முன்னே தள்ளும்படி இன்ஜின் வேகத்தை வேறு கூட்டிவைத்திருக்கிறார். போவதோ மலை இறக்கம். சம்பந்திக்கோ முழங்கால் வலி.

மகளுக்குப் போன் போட்டார். எடுத்துவிட்டாள். "வண்டிய நிறுத்தச் சொல்லும்மா! பிரேக் போகப் போகுது!" என்று கத்தினார். பதிலுக்கு ஏதோ வந்தது. கொழகொழவென்று, ஒரு சொல்கூடப் புரியாமல். "என்ன? என்னம்மா சொல்ற?" மறுபடியும் அதே. அவள் அழுகிறாளா, சரி என்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை.

ஓடிப்போய்ப் போனைப் பெயிண்டர் கையில் திணித்தார்.

"எனக்குக் காது கேக்கல. ரெண்டு வருஷமாவே கேக்கல. எம்பொண்ணு என்ன சொல்றா? சத்தமாச் சொல்லு!"

பெயிண்டர் ஒரு கணம் விழித்தார். பிறகு போனைக் காதில் அழுத்திக்கொண்டு, அவர் முகத்துக்கு நேராகக் கத்தினார். "இறக்கத்துல ரெண்டாவது வளைவு தாண்டிட்டாங்களாம். பெடல் கல்லு மாதிரி ஆயிடுச்சாம். சார் விட்டு விட்டு மிதிக்கிறாராம், நிக்கலையாம்!"

"விட்டு விட்டு மிதிக்க வேணாம்! ஒரே அழுத்தா, ரெண்டு காலையும் வெச்சு அழுத்தச் சொல்லு. கியர ரெண்டுக்கு இறக்கு. கொஞ்சம் அடங்கினதும் ஒண்ணுக்கு. ஹேண்ட் பிரேக்க மெதுவா இழு, வெடுக்குனு இழுத்துடாத!"

பெயிண்டர் சொல் பிசகாமல் சொன்னார். அப்புறம் போனில் காதை ஒட்டிவைத்துக்கொண்டார். காதுக்காரர் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் அப்படி யார் முகத்தையும் பார்த்ததில்லை. பெண்ணைக் கொன்றுவிட்டேன், மரியாதைக்குப் பயந்து பெற்ற பெண்ணைக் கொன்றுவிட்டேன் என்று உள்ளுக்குள் ஓடியது.

"நின்னுடுச்சு" என்றார் பெயிண்டர். "மண்மேட்டோரமா நின்னுடுச்சாம். யாருக்கும் ஒண்ணும் இல்ல."

காதுக்காரர் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, இன்னொண்ணு. அங்க ஸ்பீக்கர்ல போட்டிருந்தாங்க. நீங்க எங்கிட்ட சொன்னத உங்க சம்பந்தியும் கேட்டுட்டாரு."

"கேக்கட்டும்" என்றார் காதுக்காரர். "பைக்க எடு."

மூன்றாவது வளைவில் கார் சக்கரத்துக்குக் கல் வைத்து நின்றிருந்தது. சம்பந்தியின் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. மகள் அப்பாவைப் பார்த்ததும் அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள். "சொல்லியிருந்தா என்னப்பா? எங்ககிட்ட சொல்றதுல என்ன குறைஞ்சுடுவீங்க?"

காதுக்காரர் சம்பந்தி பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, ஏசின்னு பொய் சொன்னேன். அந்தச் சத்தமே எனக்குக் கேக்கல. கேக்கலன்னு உங்க முன்னாடி சொல்ல வெக்கமா இருந்துச்சு."

தீர்ப்பு வரப்போகிறது என்று காதுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப என்ன பண்ணணும்?" என்று மட்டும் கேட்டார் சம்பந்தி.

"கட்டித்தான் இழுக்கணும். அதுக்கு முன்னாடி அங்கதான்னு உறுதி பண்ணிக்கணும். இன்ஜின் ஓடணும், பார்க்கிங்ல போட்டு ஒருத்தர் பிரேக்க மிதிக்கணும். ஒருத்தர் குனிஞ்சு..." தன் காதைத் தொட்டுக்காட்டினார். "குனிஞ்சு கேக்கணும்."

பெயிண்டர் முன்னால் வந்தார். சம்பந்தி அவரைக் கையால் தடுத்து, மருமகளை ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து இன்ஜினைப் போடச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பெயிண்டரிடம் கொடுத்தார். வலிக்கிற முழங்காலை ஒவ்வொன்றாக மடக்கி நடுரோட்டில் மண்டியிட்டு, கதவு வழியாகத் தலையை உள்ளே விட்டு, மருமகளின் செருப்புக்குப் பக்கத்தில் காதை வைத்தார். கீழே இருந்து வந்த லாரிக்காரன் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்தான்.

"மிதிம்மா... விடு... மிதி." பிறகு உரக்க, காதுக்காரருக்குக் கேட்கும்படி: "வருது! பெடல் கம்பி உள்ள போற இடத்துல. நல்லாக் கேக்குது. உங்களுக்குக் கேக்குதா?"

பழக்கதோஷத்தில் "ஆமா" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்ல சம்பந்தி. கேக்கல."

"சரி. கையக் கொண்டாங்க."

சம்பந்தி அவர் மணிக்கட்டைப் பிடித்து, கிரீஸ் படிந்த விரலைப் பெடலுக்கு மேலே இருட்டுக்குள் இழுத்துப்போய் ஓரிடத்தில் வைத்தார். மகள் மிதித்தாள். விரல் நுனியை உரசிக்கொண்டு காற்று சில்லென்று உள்ளே போனது.