வீடு எங்கே என்ற கேள்வி

2006 ஜூலை 18, திருவனந்தபுரம். வன்னியபெருமாள் என்ற கம்பி கட்டும் தொழிலாளி எலிக்காய்ச்சலுடன் நகரின் ஒரு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார்.

அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களின் நோயையும் முகவரியையும் கணினியில் ஏற்றி, ஒரே பகுதியிலிருந்து காய்ச்சல்காரர்கள் அதிகம் வந்தால் எச்சரிக்கும் ஏற்பாட்டை அங்கே உருவாக்கியவர் டாக்டர் பத்மப்ரியா. மழை தொடங்கியதிலிருந்து அது ஒருமுறைகூட எச்சரிக்கவில்லை. அதை அவர் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

வன்னியபெருமாளின் மனைவி நாச்சியாரிடம் விவரம் கேட்க அவர் கீழே வந்தபோது, அவள் தன் தம்பி செல்வகணேஷைத் தாங்கிப் பிடித்தபடி சீட்டு எழுதும் இடத்தில் நின்றிருந்தாள். அவனுக்கும் காய்ச்சல். கண்கள் சிவந்திருந்தன.

"வீடு எவிடெயா?" என்றாள் சீட்டு எழுதும் பெண்.

"வள்ளியூரு பக்கம்."

பத்மப்ரியா குறுக்கிட்டார். "இங்கே எங்க தங்கியிருக்கேள்?"

தமிழைக் கேட்டதும் நாச்சியார் நிமிர்ந்தாள். "கழக்கூட்டத்துலம்மா. புதுக் கட்டடத்துக்குப் பின்னால, தகரக் கொட்டகையில."

"அதைச் சொல்லலையே?"

"வீடுன்னுல்லா கேக்காவ," என்றான் செல்வகணேஷ். "அந்தத் தகரத்தைப் போயி வீடுன்னு சொன்னா எங்க அம்மையே சிரிப்பா."

"காய்ச்சல்லயும் வாய் குறையுதா பாருங்க," என்றாள் நாச்சியார். "இவன்கூட உள்ளவங்களும் போன வாரம் இங்கதாம்மா வந்தாவ. மாத்திரை குடுத்து அனுப்பிட்டாவ. அஸ்திவாரக் குழியில தண்ணி கெடக்கு, எலி செத்து மெதக்கு. அதுக்குள்ள நின்னுதான் வேலை பாக்காவ. இன்னைக்கும் நிக்காவ."

பத்மப்ரியா மாடிக்குப் போய்க் கணினியில் தேடினார். போன வாரம் வந்தவர்கள் எல்லாரும் சொந்த ஊர் முகவரியோடு இருந்தார்கள்: வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளை. கேரளத்துக்கு வெளியே முகவரி உள்ளவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று விதி எழுதியவர் அவரேதான். சிகிச்சைக்காக எல்லை தாண்டி வருகிறவர்கள் உள்ளூர் எண்ணிக்கையைக் குழப்பிவிடுவார்கள் என்று அப்போது நினைத்தார். அவருடைய அப்பா பிறந்து வளர்ந்தது இதே நகரத்தின் அக்கிரகாரத்தில். இருந்தும் யார் கேட்டாலும் ஊர் கல்லிடைக்குறிச்சி என்றுதான் சொல்வார்.

துறைத் தலைவர் சுந்தரராமன் அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "ஊர்லேர்ந்து கொண்டுவந்த ஜுரம்னு எழுதிடேன். யார் கேக்கப் போறா?"

"மத்தவா இன்னும் தண்ணிக்குள்ள நிக்கறா, சார். வேலையை நிறுத்தணும்னா இங்கேதான் பிடிச்சதுன்னு சொல்லணும்."

"அப்போ ஏன் முன்னாடியே தெரியலைன்னு கேப்பா."

"அவாளைக் கணக்குலேர்ந்து நான்தான் தள்ளிவெச்சேன்னு சொல்றேன்."

சுகாதார அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அப்படியே சொன்னார். "அன்யசம்ஸ்தானக்காரல்லே, டாக்டரே?" என்றார் மறுமுனையில் இருந்தவர். வெளிமாநிலத்துக்காரர்கள்தானே என்ற அந்தக் கேள்வியில் குற்றம் சொல்ல பத்மப்ரியாவுக்கு வாய் வரவில்லை. அவர் எழுதிய விதியும் அதைத்தான் சொன்னது. இன்றே ஆள் போக வேண்டும் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார்.

கீழே நாச்சியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க தமிழா இருக்கப் போயித்தாம்மா வெளங்கிச்சு. நல்லா இருப்பீக."

அவளிடமும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பத்மப்ரியா இறங்கி வந்திருந்தார். தலையை மட்டும் ஆட்டினார். கையை விடுவித்துக்கொள்ளவும் கூசியது.

அன்று மாலை கழக்கூட்டத்தில் வேலை நிறுத்தப்பட்டது. கொட்டகையில் இருந்த எல்லாருக்கும் மருந்து கொடுத்தார்கள். செல்வகணேஷ் குணமானான். வன்னியபெருமாள் வெள்ளிக்கிழமை இறந்தார்; உடலை வள்ளியூருக்குக் கொண்டுபோனார்கள்.